சர்க்கரை எங்கே போனது? விவசாயக் கழிவிலிருந்து கரிம அமிலம் எடுக்கும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வைக்கோலோ கரும்புச் சக்கையோ தவிடோ, எதைப் போட்டு நொதிக்க வைத்தாலும் எதிர்பார்த்த அமிலம் வராவிட்டால் முதல் பழி நுண்ணுயிரியின் தலையில்தான் விழும். ‘கல்ச்சர் வீரியம் போயிடுச்சு, புதுசா வாங்கணும்’ என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். நான் பார்த்தவரை பெரும்பாலும் கல்ச்சர் சௌக்கியமாகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு ஒரு படி முன்னாலோ ஒரு படி பின்னாலோ உட்கார்ந்திருக்கும். படிகள் இவைதான்: கழிவைக் காரமோ அமிலமோ சூடோ கொடுத்துப் பதப்படுத்துவது, என்சைம் போட்டு அதைச் சர்க்கரையாக உடைப்பது, நுண்ணுயிரி அந்தச் சர்க்கரையை அமிலமாக்குவது, கடைசியில் அமிலத்தைப் பிரித்தெடுப்பது.

அதனால் எதையும் புதிதாகக் கலப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: சர்க்கரை எங்கே போனது? கழிவை விட்டு அது வெளியே வரவே இல்லையா? வந்தும் உயிரி தொடவில்லையா? தின்றுவிட்டு வேறு எதையோ செய்ததா? அல்லது அமிலமாகத்தான் மாறியது, நாம்தான் பார்க்கவில்லையா? கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் இந்த நான்கில் ஏதோ ஒன்றில் போய்ச் சேரும். பெரும்பாலோர் தொடங்குவது லாக்டிக் அமிலத்தில் என்பதால் அதையே முன்வைத்துப் பேசுகிறேன். சிட்ரிக் அமிலத்தின் சங்கதி தனி, அது பின்னால்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் உலர்ந்த வைக்கோலில் 38 கிராம் செல்லுலோஸ் (குளுக்கோஸ் கோத்த நார்) இருந்தால், முழுவதும் உடைந்தாலும் வரக்கூடிய குளுக்கோஸ் 42 கிராம்தான். உடையும்போது நீர் சேர்வதால் 1.11-ஆல் பெருக்க வேண்டும். குளுக்கோஸ் முழுவதும் லாக்டிக் அமிலமானால் எடை மாறாது, அதே 42 கிராம். ஆகவே ‘40 கிராம் கூட வரவில்லை’ என்று புலம்புவதற்கு முன், எடை போட்டது ஈரம் கழித்த வைக்கோலையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறே இல்லாத இடத்தில் கோளாறு தேடியவர்கள் உண்டு.

சர்க்கரை தீர்ந்துவிட்டது, ஆனால் டைட்ரேஷனில் அமிலமே இல்லை

எனக்கு மூன்று வாரம் தின்ற கதை இது. குடுவைகளில் கால்சியம் கார்பனேட் தூளைப் போட்டு நொதிக்க விட்டிருந்தேன். தினமும் ஒரு மாதிரி எடுத்து, நிறங்காட்டி போட்டு, நிறம் மாறும் வரை சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பேன். டைட்ரேஷன் என்பது இதுதான். இரண்டு மூன்று சொட்டிலேயே இளஞ்சிவப்பு வந்து நிற்கும். வித்துக் கரைசலை, அதாவது கலனில் போடுவதற்காக முன்கூட்டியே வளர்த்த உயிரியை, மூன்று முறை புதிதாகத் தயாரித்தேன். பக்கத்து மேஜையில் இருந்த அண்ணன் ஒருவர்தான் கடைசியில் கேட்டார்: “சுண்ணாம்புத் தூள் போட்டிருக்கியே, அது உள்ளே என்னதான் பண்ணுதுன்னு நினைக்கிறே?”

அது அமிலத்தைப் பிடித்து கால்சியம் லாக்டேட் ஆக்கிவிட்டது. நடுநிலையான உப்பில் காரத்தை விட்டு அமிலத்தை அளக்க முடியாது. உயிரி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, நான் அளந்த முறைதான் அதைப் பார்க்கவில்லை.

எச்பிஎல்சி (கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பிரித்து அளக்கும் கருவி) இருந்தால், மாதிரியை அமிலப்படுத்தி வடிகட்டி அதில் ஏற்றுங்கள், சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் கரைந்திருக்கும் கால்சியத்தை, அதைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு அளக்கலாம். ஒரு கால்சியம் இரண்டு லாக்டேட்டைப் பிடித்திருக்கும் என்பதால் 0.1 மோலார் ஈடிடிஏ 1 மில்லி லிட்டர் என்பது 18 மில்லிகிராம் லாக்டிக் அமிலம். வடிகட்டிய 1 மில்லி மாதிரியில் தண்ணீர் சேர்த்து, பிஎச்சை 12-க்கு மேல் ஏற்றி, பேட்டன் ரீடர் நிறங்காட்டி போட்டால் ஒயின் சிவப்பு வரும். நீலமாக மாறும் வரை ஈடிடிஏ விட வேண்டும். 3.4 மில்லி செலவானால் 61 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 61 கிராம். தொடக்க நேர மாதிரியையும் இதே மாதிரி அளந்து கழித்துவிடுங்கள், ஏனென்றால் சுண்ணாம்பு போட்டுப் பதப்படுத்திய கரைசலில் முன்னமே கால்சியம் இருக்கும். அப்புறம், இந்த முறைக்கு லாக்டிக் எது, அசிட்டிக் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. போகப் போக அது முக்கியமாகும்.

இன்னொரு சின்னப் பொறி: மாதிரியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் மேல்தெளிவை மட்டும் அளக்காதீர்கள். செறிவு அதிகமானால் கால்சியம் லாக்டேட் குளிரில் படிகமாகி அடியில் இறங்கிவிடும்.

என்சைம் போட்டு இரண்டு நாள் ஆயிற்று, சர்க்கரை ஏறவில்லை

முதலில் என்சைம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வடிதாள் துண்டை வெட்டினால் சுமார் 50 மில்லிகிராம் இருக்கும். அதைச் சுருட்டி, பிஎச் 4.8 பஃபரில் (பிஎச்சை மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), 50 டிகிரியில், உங்கள் செல்லுலேஸோடு (செல்லுலோஸை உடைக்கும் என்சைம்) ஒரு மணி நேரம் வைத்து, வெளிவந்த குளுக்கோஸை அளங்கள். என்சைமின் திறனை அளக்கும் வழக்கமான சோதனையே இதுதான். தாளிலிருந்து சர்க்கரை வருகிறது, வைக்கோலிலிருந்து வரவில்லை என்றால் குற்றம் என்சைமில் இல்லை.

அடுத்து பிஎச். காரம் போட்டுப் பதப்படுத்திய வைக்கோலில் இது தவறாமல் நடக்கும்: மாலையில் 5-க்குக் கொண்டுவந்துவிட்டு வீட்டுக்குப் போவோம், காலையில் வந்து பார்த்தால் 6.7. இழைகளுக்குள் தங்கிய காரம் மெதுவாகக் கசிந்து வெளியே வருகிறது. மேலே ஓடும் தண்ணீரில் கழுவினால் போதாது. ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும் வரை செய்ய வேண்டும். பஃபரையும் கொஞ்சம் கனமாகப் போடுங்கள்.

பதப்படுத்திய வைக்கோலை அடுப்பில் உலர்த்தி வைத்தீர்களா? அதுவும் காரணமாக இருக்கலாம். ஒருமுறை காய்ந்தால் இழையின் நுண்துளைகள் ஒட்டி மூடிக்கொள்ளும், திரும்ப நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. ஈரத்தோடேயே குளிரில் வையுங்கள், ஈரப்பதத்தைத் தனியாக அளந்து கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

திடப்பொருள் 15 சதவீதத்தைத் தாண்டும்போது வேறொரு சிக்கல். வைக்கோல் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொள்ள, கலக்கும் துடுப்பு தன்னைச் சுற்றி ஒரு குழி மட்டும் பறித்துச் சுழலும். ஓரத்தில் இருப்பதற்கு என்சைம் போய்ச் சேராது. பாதியைப் போட்டு அது கரைந்த பிறகு மீதியைத் தவணையாகப் போடுங்கள்.

சர்க்கரை ஏறி, பிறகு தானே இறங்கினால் யாரோ தின்கிறார்கள் என்று அர்த்தம். 50 டிகிரியிலும் வளரும் பாக்டீரியா உண்டு. இதைத் தடுக்கச் சோதனைக் குழாய்களில் சோடியம் அசைடு என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் போடுவது வழக்கம். ஆனால் நொதிக்கப் போகும் கரைசலில் அதைப் போட்டுவிட்டு, ‘உயிரி வளரவில்லை’ என்று யோசிக்காதீர்கள். சிரிப்பாக இருக்கலாம், நடந்திருக்கிறது.

சர்க்கரை நிறைய இருக்கிறது, உயிரி அசையவே இல்லை

அமிலமும் சூடும் சேர்த்துப் பதப்படுத்திய கழிவில் இது முதல் சந்தேகம்: நஞ்சு. சைலோஸ் (ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு நாரிலிருந்து வரும் சர்க்கரை) கூடுதலாக வெந்தால் ஃபர்ஃபுரால், குளுக்கோஸ் வெந்தால் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரால், ஹெமிசெல்லுலோஸில் தொங்கும் அசிட்டைல் கூட்டங்களிலிருந்து அசிட்டிக் அமிலம், நார்களை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினிலிருந்து ஃபீனால்கள். தனித்தனியாகத் தாங்கிக்கொள்ளும் அளவிலேயே இருந்தாலும், சேர்ந்து வரும்போது உயிரியை முடக்கிவிடும்.

நஞ்சா, கல்ச்சரா, சத்துக் குறைவா என்று பிரிக்க நான்கு பாட்டில் போதும். கழிவுக் கரைசலை 0, 25, 50, 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மொத்தச் சர்க்கரை ஒரே அளவாக இருக்கும்படி சுத்த குளுக்கோஸை நிரவுங்கள். சத்து, பிஎச், வித்து எல்லாம் ஒரே அளவு. 12 மணிக்கும் 24 மணிக்கும் பாருங்கள்.

0 பாட்டிலே வளரவில்லையா? கல்ச்சரோ சத்துக் கலவையோ சரியில்லை, கழிவைக் குறை சொல்லாதீர்கள். 25-இல் நன்றாகவும் 100-இல் சுத்தமாக இல்லாமலும் இருந்தால் நஞ்சுதான். 100-இல் 12 மணிக்கு ஒன்றுமில்லை, 24 மணிக்கு மளமளவென்று வந்துவிட்டது என்றால் சந்தோஷப்படுங்கள், அது வெறும் தயக்கம்தான். அடுத்த முறை வித்துக் கரைசலையே 20, 30 சதவீதக் கழிவுக் கரைசலில் வளர்த்துப் பழக்கிவிட்டால் தயக்கம் சுருங்கிவிடும். நான்கிலும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் வெப்பநிலையையும் பிஎச் மின்முனையையும் பாருங்கள். ஆட்டோகிளேவில் (நுண்ணுயிர் நீக்கும் நீராவி அழுத்தக் கலன்) வெந்து வந்த மின்முனை பொய் சொல்லும். வெளியே எடுத்த மாதிரியை வேறொரு மீட்டரில் வைத்து ஒப்பிடாமல் அதை நம்பக் கூடாது.

நஞ்சு என்று உறுதியானால் செலவில்லாத வைத்தியத்திலிருந்து தொடங்கலாம். அசிட்டிக் அமிலம் கெடுப்பது பெரும்பாலும் அயனியாகப் பிரியாத வடிவில் செல்லுக்குள் நுழைவதால்தான். பிஎச் 4.76-இல் அது சரிபாதி பிரியாமல் இருக்கும், பிஎச் 6-இல் ஐந்து சதவீதம் போல்தான். ஆக, உயிரி தாங்கும் பட்சத்தில் பிஎச்சைக் கொஞ்சம் மேலே வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஃபர்ஃபுராலும் ஃபீனாலும் அப்படிப் போகாது. நீர்த்த சுண்ணாம்பு போட்டு பிஎச் 10 வரை ஏற்றி, 50, 60 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்து, விழும் ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட்) வடிகட்டி, மறுபடி பிஎச்சை இறக்குவது பழைய, நம்பகமான முறை. அதில் கொஞ்சம் சர்க்கரையும் அழியும், எனவே வடிகட்டியதும் சர்க்கரையை மறுபடி அளக்க வேண்டும். செயலூட்டிய கரி ஃபீனாலையும் ஃபர்ஃபுராலையும் பிடிக்கும், அசிட்டிக் அமிலத்தை அவ்வளவாகத் தொடாது.

பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுத்த குளுக்கோஸ் பாட்டிலும் பழுப்பாக வந்திருந்தால், சர்க்கரையையும் ஈஸ்ட் சாற்றையும் ஒன்றாக ஆட்டோகிளேவில் வேகவைத்துவிட்டீர்கள். தனித்தனியாக வேகவைத்து ஆறிய பின் கலந்தால் சரியாகிவிடும்.

நன்றாகத் தொடங்கிப் பாதியில் நின்றது

முதலில் சுண்ணாம்புக் கணக்கு. 180 கிராம் லாக்டிக் அமிலத்தை நடுநிலையாக்க 100 கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை வைத்திருந்தால் குறைந்தது 56 கிராம் கார்பனேட். 30 கிராம் மட்டும் போட்டிருந்தால் 54 கிராம் அமிலத்தோடு அது தீர்ந்துவிடும், பிறகு பிஎச் சரசரவென்று இறங்கும். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அது சரிபாதி பிரியாமல் இருக்கும் பிஎச், 3.86. அந்தப் பக்கம் நெருங்க நெருங்க உயிரி தன் அமிலத்தாலேயே மூச்சு முட்டி நிற்கும். அமிலம் 50-இலிருந்து 60 கிராமுக்குள் நின்றுபோனது என்று யாராவது சொன்னால், எவ்வளவு சுண்ணாம்புத் தூள் போட்டீர்கள் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. போட்ட அளவு சரியென்றாலும் அடியில் பாளமாக இறுகிக் கிடந்தால் போடாதது மாதிரிதான். குடுவையைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச்சைப் பிடிப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 100 கிராம் அமிலத்துக்கு 44 கிராம் ஹைட்ராக்சைடு போவதால், போகப் போக உப்பின் அழுத்தமே உயிரியை நிறுத்தும்.

பிஎச் சரியாக இருந்தும் நிற்கிறதா? சத்து. லாக்டிக் பாக்டீரியா பலவற்றுக்கு அமினோ அமிலங்களையும் பி வைட்டமின்களையும் தானே செய்துகொள்ளத் தெரியாது. வைக்கோலில் நைட்ரஜன் சொற்பம், தவிட்டில் பரவாயில்லை. நின்றுபோன கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 5 கிராம் ஈஸ்ட் சாறு சேர்த்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் அது மட்டும் மறுபடி நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டிலும் ஒரேயடியாகச் சேர்த்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

மூன்றாவது, மீதம் நிற்பது எந்தச் சர்க்கரை என்பது. டிஎன்எஸ் என்ற, நிறமாற்றத்தை வைத்துச் சர்க்கரையை அளக்கும் முறை, குளுக்கோஸ், சைலோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணும். அதில் 12 கிராம் மீதம் என்று வந்தால் முழுவதும் சைலோஸாகவே இருக்கலாம். உங்கள் உயிரி சைலோஸைத் தொடாத இனமாக இருந்தால் அது நிற்கவில்லை, சாப்பாட்டை முடித்துவிட்டது. தொடும் இனமாக இருந்தாலும் குளுக்கோஸ் தீர்ந்த பிறகே பல இனங்கள் சைலோஸில் கை வைக்கும், நடுவில் சில மணி நேரம் சும்மா இருக்கும். அதை நின்றுபோனது என்று எண்ணிக் கலனைக் காலி செய்துவிடாதீர்கள்.

சர்க்கரை தீர்ந்தது, அமிலம் பாதிதான், வாடையும் வேறு

இங்கேதான் மூக்கு கருவியாகிறது. சாராய வாடை என்றால் ஈஸ்ட் நுழைந்திருக்கும், நுண்ணோக்கியில் மொட்டு விடும் பெரிய முட்டைகளாகத் தெரியும். புளித்த வெண்ணெய் நாற்றம் என்றால் பியூட்டிரிக் அமிலம், குளோஸ்ட்ரிடியம் வேலை. காடி வாடை இரண்டு பக்கமும் காட்டும்: வெளியாள் நுழைந்திருக்கலாம், அல்லது உங்கள் சொந்த உயிரியே வழி மாறியிருக்கலாம்.

வழி மாறுவது இப்படி. ஒருவகை இனங்கள் குளுக்கோஸ் முழுவதையும் லாக்டிக் அமிலமாக்கும். இன்னொரு வகை ஒரு லாக்டிக், ஒரு எத்தனால், ஒரு கரியமில வாயு என்று பிரிக்கும். அதில் கிராமுக்கு அரை கிராம்தான் உச்சம், எவ்வளவு முயன்றாலும் கூடாது. சைலோஸை லாக்டிக்கும் அசிட்டிக்குமாகப் பிளக்கும் இனங்களும் உண்டு, அங்கே கிராமுக்கு 0.6. உங்கள் எண் 0.5-ஐயோ 0.6-ஐயோ ஒட்டியே வந்துகொண்டிருந்தால் மாசு தேடுவதை நிறுத்திவிட்டு இனத்தின் பெயரைத் தேடுங்கள். முதல் வகை இனங்களும் கூட குளுக்கோஸ் பட்டினியில், அதாவது என்சைம் மெதுவாகக் கொடுக்க உயிரி காத்திருந்து தின்னும் நிலையில், ஃபார்மிக், அசிட்டிக், எத்தனால் பக்கம் சாயும்.

ஒரு எளிய தடயம்: முதல் வகை இனம், கார்பனேட் போடாத கலன், ஹைட்ராக்சைடில் பிஎச் கட்டுப்பாடு. இந்த நிலையில் குமிழி வரக் கூடாது. வந்தால் வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள். கார்பனேட் போட்டிருந்தால் குமிழி இயல்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தட்டில் வளர்ந்த காலனி மேல் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. லாக்டோபேசில்லஸ் பொங்காது, பேசில்லஸும் ஈஸ்டும் பொங்கும். நீங்கள் வளர்ப்பதே பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்றால் மட்டும் இந்தச் சோதனை உதவாது.

வைக்கோலில் ஸ்போர்கள் (சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள்) ஏராளம். 121 டிகிரி, 15 நிமிடம் என்பது தெளிந்த திரவத்துக்கான கணக்கு. அடைத்து வைத்த வைக்கோலுக்குள் சிக்கிய காற்று நீராவியை உள்ளே விடாது. முதல் நாளே ஊறவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள், நேரத்தையும் கூட்டுங்கள். மாசு ஓயவே இல்லை என்றால் நான் பேசில்லஸ் கோயாகுலன்ஸுக்கு மாறிவிடுவேன். அது 50 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும், அந்தச் சூட்டில் பெரும்பாலான விருந்தாளிகள் தங்க மாட்டார்கள். செல்லுலேஸும் அதே சூட்டில் வேலை செய்வதால் இரண்டையும் ஒரே கலனில் ஓட்டலாம். சைலோஸையும் வீணாக்காமல் லாக்டிக் ஆக்கும்.

நுரை பற்றிக் கேட்பவர்களுக்கு: கார்பனேட்டோடு நொதிக்கும்போது கலனில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், நுரையடக்கியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கூடினால் காற்று கரைவது குறையும், பிறகு சவ்வு வடிகட்டியையும் அடைக்கும்.

சிட்ரிக் அமிலம்: பூஞ்சை செழிப்பாக இருக்கிறது, அமிலம் இல்லை

செழிப்பாக இருப்பதே இங்கே கெட்ட அறிகுறி. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் சௌகரியமாக வளர்ந்தால் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து வைக்காது. 1917-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கர்ரி அதிகச் சர்க்கரையும் குறைந்த பிஎச்சும் வைத்துக் காட்டிய பிறகுதான் இது தொழிலாகவே ஆனது.

திரவ நொதித்தலில் முதல் எதிரி மாங்கனீஸ். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே பூஞ்சை சிறு உருண்டைகளாக இல்லாமல் நூல் நூலாகப் பரவும், கரைசல் கஞ்சி மாதிரி ஆகும், அமிலம் விழுந்துவிடும். விவசாயக் கழிவில் மாங்கனீஸும் இரும்பும் இயல்பாகவே உண்டு. அதனால் கழிவுப்பாகுக்கு பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு, சர்க்கரைக் கரைசலுக்கு அயனிப் பரிமாற்ற ரெசின் என்று உலோகத்தை முதலில் எடுத்தாக வேண்டும். திட நிலை நொதித்தலில், அதாவது ஈரமான கழிவின் மேலேயே பூஞ்சையை வளர்க்கும் முறையில், இந்தத் தொல்லை குறைவு. தவிடு, சக்கை வைத்திருப்பவர்கள் அங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அமிலம் வருகிறது, ஆனால் சிட்ரிக் இல்லை என்றால் பிஎச்சைப் பாருங்கள். 5-ஐ ஒட்டி இருந்தால் ஆக்சாலிக்கும் குளுக்கோனிக்கும் வரும். 3-க்குக் கீழே இறங்கினால்தான் சிட்ரிக் தனியாக நிற்கும். இரவில் காற்று பம்ப் சிறிது நேரம் நின்றதா என்றும் விசாரியுங்கள். காற்றுத் தடைபட்டால் பூஞ்சை மறுபடி வளரும், அமில உற்பத்தி மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது.

கலப்புக் கல்ச்சரில் அமிலம் நாளுக்கு நாள் குறைகிறது

சாணமோ கசடோ வித்தாகப் போட்டு அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் கலவை எடுப்பவர்களின் புகார் இது. அமிலத்தை மீத்தேன் உயிரிகள் தின்கின்றன, எரிவாயு கூடியிருக்கும். அவை மெதுவாக வளர்பவை. கலனில் தங்கும் நேரத்தைச் சில நாட்களாகக் குறைத்து, பிஎச்சை 6-க்குக் கீழே வைத்தால் அடித்துச் செல்லப்பட்டுவிடும்.

கலனில் இருந்த அமிலம் பாட்டிலுக்கு வரவில்லை

கால்சியம் லாக்டேட்டில் கந்தக அமிலம் விடும்போது ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் விழும். அந்தச் சேற்றுக்குள் உங்கள் அமிலமும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். காணாமல் போன பங்கை முதலில் அங்கே தேடுங்கள்: ஜிப்சத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கழுவி, அந்த நீரை அளங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் செல்களும் கரையாத நார்களும்தான் காரணம். அமிலம் விடுவதற்கு முன்பே, சூடாக இருக்கும்போதே அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

நீரை ஆவியாக்கிச் செறிவாக்கிய பிறகு டைட்ரேஷனில் எண் குறைந்தால் அமிலம் ஆவியாகிப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். செறிவு கூடும்போது லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எஸ்டராகக் கோத்துக்கொள்ளும், கோத்த இடத்தில் அமிலத் தன்மை மறைந்துவிடும். மாதிரியை நீர்த்து, தேவைக்கு அதிகமாக சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் மிஞ்சிய காரத்தை அமிலம் விட்டுப் பின்னோக்கி அளந்தால் காணாமல் போனது திரும்பி வரும்.